ஒன்றிலிருந்து ஒன்பது வரை

அத்தியாயம் 4

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துக்கொள்ளும். எனக்குத் திறந்துகொள்ளும். அன்று காலை நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் என் வாய் ஒரு நிமிடம் கூட ஓயவில்லை. எவ்வளவு பயந்திருந்தேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேசையைச் சுற்றி நான்கு பேர். நடுவில் ஒரு செல்போன். அது எப்போது அலறும் என்று எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டீ ஆறிடுச்சு. போனும் ஆறிடுச்சு. ரெண்டையும் சுட வைக்கச் சொல்லட்டுமா?" என்றேன்.

"எஷிம், கொஞ்சம் சும்மா இரு" என்றார் சாய்கல் அக்கா.

சாய்கல் அக்காதான் என் முதலாளி. ரயில்வே போலீஸில் இருபது வருடம் இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவனின் முகத்துக்கு நேரே அவனுடைய யோக்கியதையைச் சொல்லிவிட்டு வெளியே வந்தவர். இப்போது செருப்புக் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாகத் துப்பறிகிறார். யோசிக்கும்போது வாயில் ஒரு குருத் உருண்டையைப் போட்டு ஒதுக்கிக்கொள்வார். உப்புப் போட்டுக் காயவைத்த அந்தத் தயிர் உருண்டை கரைவதற்குள் பாதி வழக்கு கரைந்துவிடும். அன்று மூன்றாவது உருண்டை ஓடிக்கொண்டிருந்தது.

எதிரே துரத். சுரங்கத்து லாரி ஓட்டுகிறவன். சுரங்கக் காவலாளியை மலைச் சரிவில் தள்ளிவிட்டவன் யாரென்று கண்ணால் கண்டவன் அவன் ஒருவன்தான். அன்று பிற்பகல் கூண்டில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லவேண்டும். முந்தைய நாள் பள்ளிக்கூடம் விட்டுக் கிளம்பிய அவன் மனைவி அய்ம்கான் வீடு வந்து சேரவில்லை. கணக்கு டீச்சர். அவள் வரவில்லை, ஒரு குரல்தான் போனில் வந்தது. பெயரைச் சொன்னால் அவள் பிணமாக வருவாள். 'நான் ஒன்றும் பார்க்கவில்லை' என்று சொன்னால் நடந்து வருவாள். போலீஸுக்குப் போனால் வரவே மாட்டாள்.

நான்காவது ஆள் துரத்தின் வக்கீல் கெனெஷ். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்திருக்கும் இளைஞன். நல்ல கோட்டு, நல்ல பேச்சு, துரத்தின் தோளில் எப்போதும் ஒரு கை. துரத்தின் போனை யாராவது ஒட்டுக் கேட்கலாம் என்று அந்தக் குரல் கெனெஷின் போனுக்குத்தான் பேசியது.

போன் அதிர்ந்தது. துரத்தின் தேநீர்க் கிண்ணம் கவிழ்ந்தது.

கெனெஷ் எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டான். "ஆமா... இங்கதான் இருக்கார்... முடியாது, அவங்க உயிரோட இருக்காங்கன்னு தெரியாம அவர் கூண்டுல ஏற மாட்டார். குடுங்க அவங்ககிட்ட."

"அவளுக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது சொல்லச் சொல்லுங்க!" என்று துரத் கத்தினான்.

கெனெஷ் கையைக் காட்டி அடக்கினான். கேட்டான். அவனுடைய கண் ஒருமுறை துரத்திடம் போய்த் திரும்பியது. பிறகு போனை மெதுவாக மேசையில் வைத்தான்.

"உயிரோட இருக்காங்க. குரலைக் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"எண்ணினாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்படியே ஒன்பது வரைக்கும். அதுக்குள்ள போனைப் பிடுங்கிட்டானுங்க."

"எண்ணினாளா?" துரத்தின் முகம் கோணியது. "அவ எதுக்கு எண்ணப் போறா? சின்னப் பிள்ளையா?"

"பயந்து போனா மனுசங்க எதையாவது பிடிச்சுக்குவாங்க துரத். சிலர் எண்ணுவாங்க."

"சிலர் டீக்கடைல உளறுவாங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

சாய்கல் அக்கா குருத்தை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றினார். "இவன் 'பாக்கல'ன்னு சொன்னா அவளை விட்டுடுவானுங்கன்னு நினைக்கிறீங்களா, வக்கீல் தம்பி?"

"அப்படித்தானே சொல்றாங்க."

"அவ அவனுங்க முகத்தைப் பாத்திருக்கா. முகத்தைப் பாத்தவளை வீட்டு வாசல்ல இறக்கி விட்டுட்டுப் போற கூட்டத்தை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

துரத் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். வேறு வழியில்லை. கோர்ட்டு கூடுவதற்குள் அவளைக் கண்டுபிடிக்கவேண்டும். கையில் இருப்பது ஒன்றிலிருந்து ஒன்பது வரை, அவ்வளவுதான்.

கெனெஷ் சட்டென்று போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான். "இருங்க. கணக்கு டீச்சர்தானே? இதை ஒரே எண்ணா எடுத்துக்கிட்டா? பன்னிரண்டு கோடியே முப்பத்தி நாலு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூத்தி எண்பத்தி ஒன்பது. இதை உடைச்சுப் பாப்போம்... ரெண்டு மூணு வெளிய வருது. மிச்சம், 3607, 3803. இந்த ரெண்டையும் அதுக்கு மேல எவனாலயும் உடைக்க முடியாது." அவன் நிமிர்ந்தான். "நாலு இலக்கம். கார் நம்பர் மாதிரி இல்ல?"

என் முதுகில் யாரோ ஐஸ் கட்டியை வைத்தது போல் இருந்தது. "3607-ஐ நான் பாத்திருக்கேன்! சாம்பல் கலர் கார். ஆட்டுச் சந்தைல நிக்கும்."

"கிளம்புங்க" என்றார் அக்கா.

*

அந்தச் சாம்பல் நிறக் கார் சந்தையின் கடைசியில், வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றது. உள்ளே ஆள் இல்லை. கண்ணாடியெல்லாம் பனி. நாங்கள் நெருங்கியபோது காரின் பின்பெட்டிக்குள்ளிருந்து 'தொம்' என்று ஒரு உதை விழுந்தது.

துரத் பாய்ந்துவிட்டான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன், அவனைத் தடுக்க அல்ல, என் கால் நிற்பதற்கு.

இன்னொரு உதை. உள்ளே ஏதோ முனகியது.

"எஷிம், திற" என்றார் அக்கா.

"நானா? அக்கா, எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கு."

"அவளுக்கு மாப்பிள்ளை நான் பாக்கறேன். திற."

அக்காவிடம் வருமுன் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை இது. பூட்டைத் திருகித் தூக்கினேன். உள்ளே கம்பளத்தில் சுருட்டிக் கயிறு கட்டிய ஒரு உருவம். துரத் கம்பளத்தைக் கிழிக்காத குறையாக இழுத்தான்.

ஒரு செம்மறிக் கிடாய் தலையை நீட்டி அவன் முகத்துக்கு நேராகக் கத்தியது.

"டேய்! யாருடா அது என் வண்டியில?" கையில் பாதி கடித்த சம்சாவோடு ஒரு தடியர் ஓடி வந்தார். "என் மச்சான் வீட்டு விருந்துக்குப் போற ஆடு! ரத்தம் கொதிக்குதுடா எனக்கு. அதுகிட்ட பாஸ்போர்ட்டா கேக்க வந்தீங்க?"

"இல்லண்ணே, குளிருதான்னு கேக்க வந்தோம்" என்றேன். சாய்கல் அக்கா பின்பெட்டியைத் தானே மூடி, அந்தத் தடியரிடம் இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசி அனுப்பிவைத்தார். துரத் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்கி நிறுத்தும்போது அவன் கோட்டு வேர்வையில் நனைந்திருந்ததைக் கவனித்தேன். அந்தக் குளிரில்!

"இன்னொரு நம்பர் இருக்கே. 3803" என்றான் கெனெஷ். "டிராபிக்ல எனக்கு ஒருத்தரைத் தெரியும். பெட்ரோல் போட்டுக்கிட்டே விசாரிச்சுட்டு வர்றேன். நீங்க வண்டிக்குள்ள உக்காருங்க, வெளிய விறைச்சுப் போவீங்க."

பெட்ரோல் பங்கில் அவன் இறங்கிப் போனான். சாய்கல் அக்கா முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

"ஒரு மடத்தனம் பண்ணிட்டோம். நாலு இலக்கத்துல எந்த எண்ணைச் சொன்னாலும் இந்த ஊர்ல ஒரு கார் இருக்கும். அந்தக் காருக்குள்ள ஒரு ஆடும் இருக்கும். துரத், உடைக்கிறது வக்கீலோட யோசனை. உன் பொண்டாட்டி ஒரு எண்ணைக் குடுத்தா நீ என்ன பண்ணுவ?"

துரத் மூக்கைத் துடைத்தான். "உடைக்க மாட்டேன்க்கா. பெருக்குவேன்."

"எதால?"

"ஒன்பதால."

அவன் சொல்லத் தொடங்கினான். வெட்கமும் அழுகையும் கலந்து வந்தது. பெண் கேட்டுப் போனால் எதைக் கொண்டு போனாலும் ஒன்பதாகக் கொண்டு போவதுதானே எங்கள் பக்கத்து வழக்கம். ஒன்பது ஆடு, ஒன்பது சால்வை, ஒன்பது தட்டு. துரத்திடம் அப்போது இருந்தது ஒரே ஒரு குதிரை, அதுவும் கிழடு. மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளேயிருந்து அய்ம்கான் சத்தமாகச் சொன்னாளாம், "அப்பா, ஒண்ணு வந்தா போதும். ஒன்பதால நான் பெருக்கிக்கிறேன்."

"அதுலேருந்து எங்களுக்குள்ள ஒரு விளையாட்டுக்கா. நான் லாரி எடுத்துட்டுக் கிளம்பும்போது ஒரு பெரிய எண்ணைச் சொல்லுவா. ஒன்பதால பெருக்கினா ஒரே இலக்கம் வரிசையா வரும். ஆறு ஒண்ணு ஏழு ரெண்டு எட்டு மூணு ஒன்பது அஞ்சுன்னு சொன்னான்னு வைங்க. பெருக்கினா ஒன்பது அஞ்சு வரும். அஞ்சு வந்தா வரும்போது ரொட்டி வாங்கிட்டு வான்னு அர்த்தம். ஏழு வரிசை வந்தா கோவமா இருக்கா, வாயை மூடிட்டு வீட்டுக்கு வரணும்."

"ஏழு அடிக்கடி வருமா?" என்று கேட்டேன்.

"வாரத்துல பாதி நாள், அண்ணே."

அதற்குள் சாய்கல் அக்கா பனி பூத்த பக்கக் கண்ணாடியில் விரலால் எழுத ஆரம்பித்திருந்தார். கெனெஷ் சொன்ன எண்ணை எழுதி, அடியில் ஒன்பதால் பெருக்கி, விடையை எழுதினார்.

1111111101.

வரிசையாக எட்டு ஒன்று, பிறகு ஒரு பூஜ்ஜியம், பிறகு ஒரு ஒன்று. நல்ல பல்வரிசையில் ஒரு பல் மட்டும் விழுந்தது போல இருந்தது.

துரத் எழுந்து தலையை வண்டிக் கூரையில் இடித்துக்கொண்டான். "வரிசை உடைஞ்சிருக்கு. அவ தப்பே பண்ண மாட்டா. தூக்கத்துல கூடத் தப்பாச் சொல்ல மாட்டா."

"அவ பண்ணலைன்னா, வர்ற வழியில தப்பு நடந்திருக்கு" என்றார் அக்கா. "நீ சொன்ன விளையாட்டுல எட்டு இலக்கம் குடுத்தா ஒன்பது இலக்கம் வரணும். நம்மகிட்ட வந்தது ஒன்பது இலக்கம். ஒரு ஆள் கூடுதலா ஏறியிருக்கான். இறக்கி விட்டுப் பாப்போம்."

கடைசியிலிருந்த ஒன்பதை விரலால் அழித்தார். மறுபடி பெருக்கினார். 111111102. "ம்ஹூம்." ஒன்பதைத் திரும்ப எழுதி, அதற்கு முன்னால் இருந்த எட்டை அழித்தார்.

12345679.

ஒன்பதால் பெருக்கினார். ஒன்று, ஒன்று, ஒன்று என்று விரல் போய்க்கொண்டே இருந்தது. கடைசி வரைக்கும் ஒன்றுதான்.

"ஒண்ணு வரிசை" என்றான் துரத். "ஒரே ஒரு தடவைதான் இதைக் குடுத்திருக்கா, கல்யாணத்தன்னிக்கு. எங்க இருந்தாலும் வந்துடுன்னு அர்த்தம்."

"எங்க இருந்தாலும் சரி. இப்ப அவ எங்க இருக்கா?"

துரத் கண்ணாடியில் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே அழிந்து கிடந்த இடத்தையே பார்த்தான். அந்த ஈரம் நீளமாக வழிந்து இறங்கியது.

"எட்டு இல்ல" என்றான். "அக்கா, சாரி-கியால எட்டு இல்ல!"

சாரி-கியா மலைமேல் சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய குடியிருப்பு. அய்ம்கான் பிறந்து வளர்ந்த இடம். ஒரே வரிசையில் ஒன்று முதல் ஒன்பது வரை கட்டடங்கள் என்று திட்டம் போட்டார்கள். எட்டாம் கட்டடத்துக்கு நிலவறையைத் தோண்டிக் கான்கிரீட் போட்டு முடித்த நேரத்தில் நாங்கள் அப்போது சேர்ந்திருந்த அந்தப் பெரிய நாடே உடைந்துபோனது. மேலே கட்ட யாரும் வரவில்லை. ஒன்பதாம் கட்டடம் அதற்கு முன்பே எழும்பிவிட்டது. ஆகவே அந்த ஊரில் ஏழுக்கு அடுத்தது ஒன்பது. எட்டின் இடம் வெறும் மேடு. அதன் நிலவறைக்குப் படி இருப்பது பழைய குளியல் கூடத்துக்குப் பின்னால். தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் கண்ணில் படும்.

"எண்ணலை அவ. முகவரி சொல்லியிருக்கா" என்றார் அக்கா. "ஒரே எண்ணுல கூப்பிட்டும் இருக்கா, இடத்தையும் காட்டியிருக்கா."

"அப்ப அந்த எட்டு?" என்றேன்.

"ஒண்ணு ரெண்டு மூணுன்னு கேட்டா எவன் காதும் எட்டைத் தானாச் சேத்துக்கும். பெரிய விஷயம் இல்ல." கொஞ்ச நேரம் குருத்தை உருட்டினார். "இல்லைன்னா பெரிய விஷயம். துரத், இந்த வக்கீல் தம்பி சாரி-கியாவுக்கு வந்திருக்காரா?"

"இல்லக்கா. காவலாளி விழுந்த இடத்தைப் பாக்க எத்தனையோ தடவை கூப்பிட்டேன். மலை ஏறினா தலை சுத்தும், அந்தப் பக்கம் கால் வச்சதே இல்லைன்னுட்டார்."

"அங்க எட்டு கிடையாதுன்னு அவர்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கியா?"

"எதுக்குச் சொல்லப் போறேன்?"

பெட்ரோல் பங்கிலிருந்து கெனெஷ் வந்துகொண்டிருந்தான். சாய்கல் அக்கா உள்ளங்கையால் கண்ணாடியை ஒரே துடைப்பாகத் துடைத்தார். "இனிமே நான் மட்டும்தான் பேசுவேன். எஷிம், உன்னைத்தான் சொல்றேன். நீ அவர் சீட்டுக்கு நேர் பின்னால உக்காரு."

*

மலைப்பாதைக்கு ஏற்றபடி சக்கரத்தில் சங்கிலி மாட்டியிருந்த வண்டி கெனெஷுடையது ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அவன் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் அக்கா சொன்னார்:

"சாரி-கியாவுக்கு விடுங்க தம்பி. எட்டாவது கட்டடத்துக்கிட்ட நிறுத்துங்க."

சாவியைத் திருகப் போன கை அப்படியே நின்றது. "அங்க எதுக்கு?"

"3803-ன்னு ஒரு கார் அங்க இருக்காம். எனக்கும் டிராபிக்ல ஒருத்தரைத் தெரியும்."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா வெளியே பனியைப் பார்த்தார். வண்டி கிளம்பியது.

அந்தப் பாதையில் நான் மூட்டையோடு எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன். பயந்ததில்லை. அன்று ஒவ்வொரு வளைவிலும் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. மேகம் பாதையிலேயே படுத்துக் கிடந்தது. பேசாதே என்று சொன்னபிறகுதான் பேச்சு எவ்வளவு பெரிய போர்வை என்று புரிந்தது. துரத்தின் முழங்கால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. தலை சுற்றும் என்று சொன்னவன் மட்டும் ஒரு வளைவில் கூட வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினான்.

சாரி-கியா மூடுபனியில் தெரிந்தது. கட்டடங்களில் எழுதியிருந்த எண்களை உறைபனி மூடியிருந்தது. எதுவும் படிக்கக் கிடைக்கவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஜன்னல்களில் விளக்கு இல்லை. பாதிப் பேர் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. நான்கு. ஐந்து. ஒரு நாய் குரைத்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டது. ஆறு. ஏழு. அப்பால் ஒரு வெள்ளை மேடு, அதற்கும் அப்பால் அடுத்த கட்டடம் மங்கலாக எழுந்து நின்றது.

வண்டி அந்தக் கட்டடத்துக்குப் போகவில்லை. ஏழு முடிந்ததும் கெனெஷ் இடது பக்கம் ஒடித்தான். குளியல் கூடத்தின் இடிந்த சுவரைச் சுற்றி, பாதையே தெரியாத பனியில், தயங்காமல் இறங்கி, மேட்டின் பின்புறம் கொண்டுபோய் நிறுத்தினான். எதிரே கான்கிரீட் படி ஒன்று கீழே இருட்டுக்குள் இறங்கியது.

எஞ்சின் அணைந்தது.

சாய்கல் அக்கா குருத்தை வாயிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் வைத்து மடித்தார். வாயில் போட்டதை அவர் வெளியே எடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

"வழி நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க தம்பி."

"நீங்கதானே எட்டாவதுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இந்தப் பக்கம் கால் வைக்காதவன் எட்டாவதுன்னு கேட்டா நிக்கிற கட்டடங்களை எண்ணுவான். எண்ணினா எட்டாவதா வர்றது அதோ, அங்க நிக்கிது. அந்த வாசல்ல நிறுத்தியிருப்பான். ஏழுக்கும் அதுக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு எட்டு புதைஞ்சு கிடக்குன்னு இந்த ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். இல்லைன்னா, இங்க ஒருத்தியை அடைச்சு வச்சவனுக்குத் தெரியும்."

துரத் முன்சீட்டை எட்டிப் பிடித்தான்.

"அவ எட்டை விட்டுட்டுச் சொன்னதை நீங்க சரியாத்தான் கேட்டீங்க" என்றார் அக்கா. "கேட்டதும் புரிஞ்சிருச்சு. வேற ஏதாவது மாத்திச் சொன்னா இவன் நம்ப மாட்டான். அதனால ரொம்பச் சின்னப் பொய்யாப் பாத்து, எட்டை மட்டும் திருப்பி வச்சுட்டீங்க. அப்புறம் அதை உடைச்சுக் காட்டி எங்களை ஆட்டுக்குப் பின்னால அனுப்புனீங்க."

கெனெஷ் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவன் கை ஹார்னுக்குப் போனது.

ஒரு தடவை அடித்துவிட்டான். இரண்டாவதற்குள் நான் சீட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் போட்டு அவனைச் சேர்த்து இறுக்கிவிட்டேன். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையை அணைக்கிற அணைப்பு அது. மூட்டை உதைக்காது, இவன் உதைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பிடரியில் முகத்தை அழுத்திக்கொண்டேன். அவனுடைய வாசனைத் தைலம் மூக்கில் ஏறியது.

"ஒரு தடவை அடிச்சா என்ன அர்த்தம்?" அக்காவின் குரல் சன்னமாக வந்தது. "ரெண்டு தடவைன்னா என்ன?"

அவன் கத்துவதற்குள் ஒரு கையால் வாயைப் பொத்தினேன். பதில் படியில் ஏறி வந்தது. முதலில் ஒரு ரோமத் தொப்பி. பிறகு தோளில் மாட்டிய துப்பாக்கி. கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள். கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தவன், "என்ன இவ்வளவு சீக்கிரம்? சாப்பாடு கொண்டாந்தியா?" என்றான்.

ஒரு தடவை என்றால் சாப்பாடு. இரண்டு தடவை என்றால் என்னவென்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

கண்ணாடிப் பனிக்கு வெளியே அவனுக்குக் கெனெஷின் நிழல் மட்டும் தெரிந்திருக்கும். சாப்பாட்டை வாங்க அக்கா இருந்த பக்கம் வந்து குனிந்தான். சாய்கல் அக்கா தன் பக்கத்துக் கதவை இரண்டு காலாலும் உதைத்துத் திறந்தார். கதவின் விளிம்பு அவன் முழங்காலில் விழுந்தது. அவன் சாய்வதற்குள் துரத் பின்கதவால் இறங்கி அவன்மேல் மொத்தமாக விழுந்தான். பனியில் இரண்டு பேரும் புரண்டார்கள். துப்பாக்கி எங்கோ கிடந்தது. அடுத்து நான் பார்த்தபோது அது அக்காவின் கையில் இருந்தது.

"கீழ இன்னும் எத்தனை பேர்?"

"யாருமில்ல... நான் மட்டும்தான்..."

"அவ?"

அவன் வாயைத் திறந்து மூடினான். கெனெஷைப் பார்த்தான். அந்த மௌனம் எனக்குத் துப்பாக்கியைவிடப் பயமாக இருந்தது.

மாற்றுச் சங்கிலியால் இரண்டு பேரையும் வண்டியோடு சேர்த்துக் கட்டினேன். அக்கா மேலே காவல் நின்றார். துரத் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தான். நான் போனிலிருந்த விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கீழே தண்ணீர் உறைந்து கிடந்தது. தூண்களுக்குப் பின்னால் தூண்கள். என் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. மூலையில் ஒரு அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண்ணின் ஒற்றைச் செருப்பு.

"அய்ம்கான்!"

துரத்தின் குரல் சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. வேறு குரல் எதுவும் வரவில்லை.

"அய்ம்கான்! நான்தான்!"

சொட்டு, சொட்டு என்று எங்கோ தண்ணீர் விழுந்தது. எனக்குச் சொல்ல ஒரு வேடிக்கையும் கிடைக்கவில்லை. அன்று முதல் தடவையாக என் வாய் தானாக மூடிக்கொண்டது.

துரத் இருட்டைப் பார்த்து நின்றான். பிறகு, கூப்பிடுவது போல இல்லாமல், பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னான்:

"ஒண்ணு."

கேட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை.

"ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு." அவன் ஒவ்வொரு தூணாகக் கடந்து நடந்தான். "ஒண்ணு. ஒண்ணு. ஒண்ணு." குரல் உடைந்தது. "ஒண்ணு..."

எட்டு ஆகியிருந்தது. ஒன்பதாவதைச் சொல்ல அவனால் முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

இருட்டின் கடைசி மூலையிலிருந்து, கட்டிய துணியை எப்படியோ பல்லால் கீழே தள்ளிவிட்ட ஒரு வாய், கரகரத்துச் சொன்னது:

"ஒண்ணு."

துரத் ஓடினான். விழுந்தான். எழுந்து ஓடினான். நான் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தேன். கன்றிப்போன முகம், பின்னால் கட்டிய கை, ஒரு காலில் செருப்பு இல்லை. ஆனால் கண் மட்டும் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற டீச்சருடைய கண்தான்.

"நடுவுல ஒரு எண்ணைச் சேத்துச் சொன்னாங்களா?" என்றாள்.

"எட்டை."

"நினைச்சேன்." துரத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "சாட்சி சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இங்க என்னத்துக்கு நிக்கிற? கட்டை அவுத்துக்கிட்டே நட. கோர்ட்டுக்கு நானும் வர்றேன்."